ஸ்பானிஷ் ரெஸ்டாரன்ட்டுக்கு முதல்முறை போறீங்களா? தபாஸ் முதல் பில் வரை கவனிக்க வேண்டியவை!

டைடல் பார்க், ராமானுஜன் ஐடி சிட்டி எனத் தரமணியைச் சுற்றி வேலை பார்ப்பவர்களின் டீம் டின்னர் இப்போதெல்லாம் பிரியாணியோடு நிற்பதில்லை. இத்தாலியன், கொரியன் வரிசையில் ஸ்பானிஷ் உணவும் பட்டியலில் இருக்கிறது. சென்னைக்கு இது புதுசும் இல்லை. 2000-களிலேயே கதீட்ரல் சாலையில் ‘ஜாரா’ என்ற தபாஸ் பார் இயங்கியது. ‘ஹாட் பிரெட்ஸ்’ பேக்கரியைத் தொடங்கிய எம்.மகாதேவனின் ஓரியன்டல் குஸின்ஸ் நிறுவனத்துடையது அது.

ஆனாலும், மெனு கார்டைப் பிரித்ததும் ‘இதுல எது சாப்பாடு, எது சைடு டிஷ்?’ என்று பலரும் முழிப்பது உண்டு. அந்தக் குழப்பத்தில்தான் பில் எகிறுகிறது.

தபாஸ் என்றால் என்ன?

இது ஒரு குறிப்பிட்ட உணவின் பெயர் அல்ல. ஸ்பெயினில் மாலை நேரத்தில் பானத்தோடு கொறிக்கும் சின்னச் சின்னத் தட்டுகளுக்கு மொத்தமாகத் ‘தபாஸ்’ என்று பெயர். ‘தபா’ என்றால் ஸ்பானிஷில் மூடி. பொரித்த உருளைக்கிழங்கின் மேல் காரமான சாஸ் ஊற்றித் தரும் ‘பட்டாட்டாஸ் பிராவாஸ்’, பூண்டும் எண்ணெயும் சேர்த்து வதக்கிய இறால் எல்லாம் இதில் அடக்கம்.

இது ஆளுக்கு ஒரு பிளேட் வாங்கும் கணக்கு இல்லை. மேஜையின் நடுவில் வைத்து எல்லோரும் பகிர்ந்து சாப்பிடுவதுதான் வழக்கம். ஒரு தட்டின் விலை குறைவாகத் தெரியும். எட்டு, பத்து தட்டு சேர்ந்ததும்தான் உறைக்கும். நான்கு பேர் போனால் முதலில் நான்கு தட்டு சொல்லுங்கள். பத்தலைன்னா அப்புறம் சொல்லிக்கலாம்.

பயேயாவை முதலிலேயே ஆர்டர் செய்வது ஏன்?

பயேயா, வலென்சியா பகுதியின் அரிசி உணவு. அகலமான, ஆழம் குறைந்த பாத்திரத்தில் சமைப்பார்கள். அந்தப் பாத்திரத்தின் பெயரே உணவுக்கும் வந்துவிட்டது. வலென்சியாவின் பாரம்பரியப் பயேயாவில் கோழி, முயல் கறி, பீன்ஸ்தான் இருக்கும். கடல் உணவு சேர்ப்பது இன்னொரு வகை.

அரிசி போட்ட பிறகு கிளறக் கூடாது. அப்போதுதான் அடியில் ‘சொக்கராட்’ உருவாகும். வேறொன்றும் இல்லை, நம்ம ஊர் காந்தல்தான்! அங்கே அதற்குத்தான் போட்டி. அரிசி வெந்து வரவே சுமார் 20 நிமிடம் ஆகும் என்பதால், உட்கார்ந்ததும் சொல்லிவிடுவது நல்லது. இல்லையென்றால் காத்திருக்கும் நேரத்தில் கூடுதலாகத் தபாஸ் வாங்கத் தோன்றும்.

விலைக்குக் குங்குமப்பூவும் ஒரு காரணம். ஒரு பூவில் மூன்றே இழைகள். ஒரு கிலோவுக்கு ஏறத்தாழ 1.5 லட்சம் பூக்கள் தேவை. ஸ்பெயினிலேயே பல சமையலறைகளில் கலர் பொடியும் பயன்படுகிறது. எனவே, எது சேர்க்கிறார்கள் என்று கேட்டுவிட்டு ஆர்டர் செய்யலாம்.

சைவம் சாப்பிடுபவர்கள் எதைக் கவனிக்கணும்?

* ஹமோன், சோரிசோ இரண்டும் பொதுவாகப் பன்றி இறைச்சி. குரோக்கெட்டாவுக்குள்ளும் ஹமோன் இருக்கலாம்.
* ஸ்பானிஷ் தோர்த்தியா, மெக்சிகன் ரொட்டி இல்லை. முட்டையும் உருளைக்கிழங்கும் சேர்த்த தடிமனான ஆம்லெட்.
* காய்கறி பயேயா என்று எழுதியிருந்தாலும் கோழி அல்லது மீன் வேகவைத்த தண்ணீரில் சமைத்ததா என்று கேளுங்கள்.
* கஸ்பாச்சோ, சூடில்லாத தக்காளி சூப். ‘ஆறிப்போச்சு’ என்று திருப்பி அனுப்ப வேண்டாம்!
* இனிப்புக்குச் சுரோஸ். முறுக்குபோல அச்சில் பிழிந்து, பொரித்து, சாக்லேட்டில் தோய்த்துச் சாப்பிடுவது.

பில்லில் என்ன பார்க்கணும்?

தனி ரெஸ்டாரன்ட் என்றால் உணவுக்கு ஜிஎஸ்டி 5%. ஒரு நாள் அறை வாடகை 7,500 ரூபாயைத் தாண்டும் ஹோட்டல்களுக்குள் இருக்கும் ரெஸ்டாரன்ட் என்றால் பொதுவாக 18%. இது வரி, கட்டித்தான் ஆக வேண்டும்.

சர்வீஸ் சார்ஜ் அப்படியல்ல. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4-ல் வெளியிட்ட வழிகாட்டுதல்படி, அதைத் தானாகப் பில்லில் சேர்க்கக் கூடாது. வேறு பெயரிலும் வசூலிக்கக் கூடாது. 2025 மார்ச் 28-ல் டெல்லி உயர் நீதிமன்றத் தனி நீதிபதி இதை உறுதிசெய்தார். உணவகச் சங்கங்கள் மேல்முறையீடு செய்திருக்கின்றன.

கணக்கு இதுதான்: 2,000 ரூபாய்க்குச் சாப்பிட்டால் ஜிஎஸ்டியோடு 2,100 ரூபாய். 10% சர்வீஸ் சார்ஜ் சேர்த்தால் அதற்கும் ஜிஎஸ்டி விழுந்து 2,310 ரூபாய். வித்தியாசம் 210 ரூபாய், கிட்டத்தட்ட இன்னொரு தட்டு தபாஸ்!

‘எடுத்துடுங்க’ என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம். மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் அளிக்கலாம். பில்லைப் பத்திரமாக வைத்திருங்கள். நன்றாகக் கவனித்த ஊழியருக்கு ஏதாவது தர நினைத்தால், அதை டிப்ஸாக அவர் கையிலேயே கொடுத்துவிடலாம்.