காஸ்டிக் சோடாவை எதில் கரைப்பது?

தேங்காய் விலை விழும்போதெல்லாம் எண்ணெயாக ஆட்டி, அந்த எண்ணெயில் சோப்பு போட்டு விற்கலாம் என்று நம் உழவர்கள் பலர் இறங்குகிறார்கள். நல்ல காரியம்தான். நானும் வீட்டுத் தேவை போக மிச்சத்தை விற்கிறேன். பயிற்சிக்குப் போனால் எண்ணெய்க் கணக்கு, மூலிகைப் பொடி, அச்சு எல்லாம் விரிவாகச் சொல்லிக்கொடுப்பாங்க. எதில் கரைப்பது, எதை மாட்டிக்கொண்டு கரைப்பது என்பது மட்டும் ஒரு வரியில் முடிந்துவிடும். ஆபத்து இருப்பதே அங்கேதான்.

"இயற்கை சோப்பு" என்று பெயர் வைத்தாலும் எண்ணெயைச் சோப்பாக மாற்றுவது காஸ்டிக் சோடா. ஆலையில் உப்புநீரில் மின்சாரம் பாய்ச்சி எடுக்கிற ரசாயனம் அது. கணக்குச் சரியாக இருந்து சோப்பு முற்றிவிட்டால் காஸ்டிக் அதில் மிஞ்சாது. அதுவரைக்கும் தோலையும் கண்ணையும் அரிக்கும். வயலில் பூச்சிமருந்தை விட்ட நாம, அடுப்படியில் இதை அசட்டையாகக் கையாளக் கூடாது.

முதலில் பாத்திரம். அலுமினியம் கூடவே கூடாது, இண்டாலியமும் அலுமினியம்தான். காஸ்டிக் கரைசல் பட்டால் பொங்கி நுரைத்து ஹைட்ரஜன் வாயு கிளம்பும். பக்கத்தில் அடுப்பு எரிந்தால் தீப்பிடிக்கும். ஈயம் பூசிய பித்தளை, துத்தநாகம் பூசிய தகர வாளி இதெல்லாமும் வேண்டாம். கண்ணாடியைக் காஸ்டிக் மெல்ல மெல்ல அரிக்கும். என்றாவது ஒருநாள் சூட்டில் பட்டென்று விரிசல் விட்டுவிடும். கனமான எவர்சில்வர் நல்லது. ஆனால் கைப்பிடியில் அலுமினிய ரிவெட் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்க. பிளாஸ்டிக் என்றால் அடியில் முக்கோணத்துக்குள் இருக்கும் எண்ணைப் பாருங்க. 5 இருந்தால் சூட்டைத் தாங்கும், 2 பரவாயில்லை. தண்ணீர் பாட்டிலில் இருக்கும் 1 வேண்டாம். அடுப்பே மூட்டாமல் கரைசல் 80, 90 டிகிரிக்குப் போய்விடும். அந்தச் சூட்டில் அது நெளிந்துவிடும். கிளறவும் எவர்சில்வர் கரண்டிதான். மரக்கரண்டி நாளாக நாளாகச் சிம்பு சிம்பாகப் பிரியும்.

தராசு 1 கிராம் காட்டுகிற எலக்ட்ரானிக் தராசாக இருக்க வேண்டும். 1 கிலோ தேங்காய் எண்ணெய் முழுவதும் சோப்பாக மாற ஏறக்குறைய 183 கிராம் காஸ்டிக் பிடிக்கும். 5 சதவீதம் குறைத்து 174 கிராம் போட்டால் கொஞ்சம் எண்ணெய் மிஞ்சும், காஸ்டிக் மிஞ்சாது. டம்ளரில் அளந்து போடுகிறவர்களிடம் நான் சோப்பு வாங்க மாட்டேன். செதிலாக இருப்பதும் மணியாக இருப்பதும் ஒரே டம்ளருக்கு ஒரே எடை நிற்காது.

கண்ணைப் பற்றித்தான் அதிகம் சொல்லணும். அமிலம் பட்ட இடத்தில் சதை உறைந்து ஓரளவு தடுப்பாக நிற்கும். காரம் அப்படியில்லை, சதையைக் கரைத்துக்கொண்டே உள்ளே இறங்கும். கண்ணில் ஒரு துளி போதும், பார்வை போய்விடலாம். வெயில் கண்ணாடி, படிக்கிற கண்ணாடி எதுவும் பத்தாது. பக்கவாட்டில் தெறித்து உள்ளே போகும். முகத்தோடு சுற்றிலும் ஒட்டி உட்காருகிற பாதுகாப்புக் கண்ணாடி வாங்குங்க. முழங்கை வரை வருகிற தடித்த ரப்பர் அல்லது நைட்ரைல் கையுறை வேண்டும். நூல் கையுறை கரைசலை உறிஞ்சித் தோலோடு ஒட்டவைத்துவிடும், அது வெறும் கையை விட மோசம். முழுக்கைச் சட்டை, மூடிய செருப்பு. முந்தானையை இழுத்துச் செருகிக்கொள்ளுங்க. ஆவி மூக்கில் ஏறாமல் இருக்கத் திண்ணையிலோ களத்திலோ, காற்று முதுகுப்பக்கம் வருகிற மாதிரி நின்று கரையுங்க.

பாத்திரத்தில் முதலில் குளிர்ந்த தண்ணீர், அதில் கொஞ்சம் கொஞ்சமாகக் காஸ்டிக். மாற்றிக் காஸ்டிக் மேல் தண்ணீர் ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும்.

கரைக்கிற இடத்துக்குப் பக்கத்திலேயே குழாய் இருக்கணும், இல்லாவிட்டால் நிறைகுடமும் சொம்பும். தோலில் பட்டால் பட்ட துணியைக் கழற்றிவிட்டு 20 நிமிடமாவது தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருங்க. செதிலாக ஒட்டியிருந்தால் முதலில் உலர்வாகத் தட்டிவிடுங்க. வினிகர், எலுமிச்சை எதையும் தேடி ஓட வேண்டாம். நேரம் போகும், சூடும் கிளம்பும். கண்ணில் பட்டால் இமையை விரித்துப் பிடித்து அரை மணி நேரம் கழுவுங்க; அதற்குள் இன்னொருவர் 108-க்குக் கூப்பிடட்டும். வண்டியிலும் கழுவிக்கொண்டே போகணும். யாராவது குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீங்க, வரும்போதும் தொண்டையை அரிக்கும்.

இந்தச் சாமான்களுக்குச் சிவப்பு பெயின்ட்டில் ஒரு கோடு போட்டுத் தனியாக வையுங்க, சமையலறைக்குத் திரும்பக் கூடாது. காஸ்டிக் காற்றில் உள்ள ஈரத்தை இழுத்துக் கசியும். கடையில் மெல்லிய பையில் கட்டிக்கொடுத்தால், அன்றைக்கே இறுக்க மூடுகிற 2-ஆம் எண் டப்பாவுக்கு மாற்றி, பெயர் எழுதி, பிள்ளைகள் கைக்கு எட்டாமல் பூட்டி வையுங்க. குடிநீர் பாட்டிலிலோ கலர் பாட்டிலிலோ கரைசலை ஒரு நிமிடம்கூட ஊற்றி வைக்காதீங்க.

அச்சில் ஊற்றியதும் கையுறையைக் கழற்றிவிட வேண்டாம், பாத்திரத்தில் ஒட்டியிருக்கும் கூழில் இன்னும் காஸ்டிக் இருக்கிறது. பழைய தாளால் வழித்துவிட்டு ஒருநாள் விட்டு வையுங்க. மறுநாள் அதுவே சோப்பாகியிருக்கும், தேய்த்துக் கழுவிவிடலாம்.