தொட்டியில் குட்டைச் சதகுப்பை

நாட்டு மருந்துக் கடையில் காகிதப் பொட்டலமாகக் கட்டித் தரும் சதகுப்பையை அறியாத கிராமத்து வீடு அபூர்வம். பிள்ளை பெற்றவளுக்குரிய மருந்துச் சரக்குகளில் அதுவும் ஒன்று. 1851-ம் வருஷத்தில் இங்கிலாந்து தேசத்து நாட்டிங்காம் நகரில் வில்லியம் உட்வர்டு என்பவர் குழந்தைகளுக்கெனத் தயாரித்த கிரைப் வாட்டரிலும் இவ்விதையின் தைலம் சேர்ந்திருந்தது. ஆயினும் விதையை அறிந்த அளவுக்குச் செடியை அறிந்தவர் இல்லை. கர்நாடகத்தில் சப்ஸிகெ சொப்பு என்று கட்டுக்கட்டாகச் சந்தையில் விற்று, அரிசி ரொட்டியிலும் பருப்பிலும் சேர்த்து உண்ணும் கீரை இதுவேயாம். மேல்நாட்டார் இதனை டில் என்பர்.

நிலம் உள்ளவர் இதைப் பாத்தியில் விதைத்துக் கொள்ளலாம். கூட்டுறவுச் சங்கத்து அங்கத்தினர் அனைவரும் அப்படிப்பட்டவர் அல்லர். வாசல் திண்ணையும் கிணற்றடியில் நான்கு முழ இடமுமே உடைய குடும்பங்கள் பல உண்டு. அத்தகைய வீடுகளில் பழைய தகரத்திலோ தொட்டியிலோ இக்கீரையை வளர்க்க முயன்று, செடி விரல் நீளத்திலேயே பூத்து முடிந்துவிட்டதைக் கண்டு, "குட்டை ஜாதி விதை என்று பணம் கொடுத்தோம், குட்டையாகத்தான் இருக்கிறது, கீரையைத்தான் காணோம்" என்று மனம் சலித்தவர்களும் உண்டு. விதை விற்றவர் மோசம் செய்திருக்கலாம், செய்யாமலும் இருக்கலாம். பெரும்பாலும் பிழை தொட்டியில் இருக்கிறது. இதைப் பகுத்தறிந்து கொள்ளாவிடில் இரண்டாம் முறையும் விதைக் காசு வீணாகும்.

சதகுப்பை கொத்தமல்லி, சீரகம், சோம்பு, காரட் ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்தது. ஒரே வருஷத்தில் முளைத்து, பூத்து, விதைத்து மடிவது. சாதாரண ஜாதி 3 முதல் 4 அடி உயரம் வளரும். தண்டு உள்ளே பொள்ளலானது. ஆகையால் காற்றடிக்கும் முற்றத்தில் தொட்டியில் வைத்த நெட்டைச் செடி சாய்ந்து விழுவது வழக்கம். இக்குறையை நீக்கவே குட்டை ஜாதிகள் உண்டாக்கப்பட்டன. அவற்றுள் பெயர் பெற்றது ஃபெர்ன்லீஃப் என்பது. அமெரிக்காவில் புதிய விதைகளைப் பல இடங்களில் பயிரிட்டுச் சோதித்துப் பரிசளிக்கும் ஆல்-அமெரிக்கா செலக்ஷன்ஸ் என்னும் அமைப்பு 1992-ம் வருஷத்தில் இதற்குப் பரிசு அளித்தது. இதன் உயரம் சுமார் 18 அங்குலம். பூத்தண்டு எழும்புங்கால் சிறிது கூடுதலாகும். பூப்பதற்கும் இது சற்றுத் தாமதிக்கும். கீரைக்கு வளர்ப்பவருக்கு அதுவே பெரிய அனுகூலம்.

நிற்க. குட்டை என்பதில் இரண்டு விதம் உண்டென்பதை முக்கியமாகக் கவனிக்க வேண்டும். பிறவிக் குட்டை ஒன்று. பட்டினிக் குட்டை மற்றொன்று. பிறவிக் குட்டையில் கணுவுக்கும் கணுவுக்கும் இடையிலுள்ள தண்டு மட்டும் சுருங்கியிருக்கும், இலை குறையாது. அடியிலிருந்தே இலைகள் நெருங்கி எழுந்து, நீலம் கலந்த கரும்பச்சையாய்ப் புதர்போல் நிற்கும். பட்டினிக் குட்டையோ நெட்டை ஜாதியிலும் வரும், குட்டை ஜாதியிலும் வரும். இலை நான்கைந்துக்கு மேல் இராது. கீழ் இலை மஞ்சளாகும். நடுவிலிருந்து மெல்லிய தண்டு அவசரமாக எழும்பிப் பூவெடுக்கும். அச்செடியை வேரோடு பிடுங்கிப் பார்த்தால் காரணம் விளங்கும். சதகுப்பைக்கு முள்ளங்கியைப் போல நேரே கீழிறங்கும் ஆணிவேர் உண்டு. ஆழமற்ற பாத்திரத்தில் அவ்வேர் அடியைத் தொட்டு மடங்கிச் சுருண்டு கிடக்கும். அதற்குமேல் செடி, தன் காலம் முடிந்தது எனக் கொண்டாற்போல, இலை விடுவதை நிறுத்தி விதைவிடும் வேலையில் இறங்கிவிடுகிறது. தண்ணீர் ஒருநாள் தப்பினாலும், வெயில் கடுத்துத் தொட்டி சுட்டாலும் இதே பலன்தான்.

ஆகவே தொட்டியின் வாயகலத்தைவிட ஆழமே பெரிது. குட்டை ஜாதிக்கும் 10 அங்குல ஆழம் குறையலாகாது. 12 அங்குலம் நலம். அகன்று ஆழமில்லாத மண் சட்டியும் பாதி வெட்டிய டப்பாவும் உதவா. கடைகளில் காலியாகும் 15 கிலோ எண்ணெய்த் தகரம் ஏறக்குறைய 9 அங்குலச் சதுரமும் 13 அங்குலத்துக்கு மேற்பட்ட உயரமும் உடையது. இவ்வேருக்கு அளந்து செய்ததுபோல் இருக்கும். அடியில் ஆணியால் ஏழெட்டுத் துவாரங்கள் இட்டு, இரண்டு செங்கல்மேல் தூக்கி வைத்தால் நீர் வடியும், துருவும் தாமதப்படும். தகரம் வெயிலில் சுடுமாதலால் மேற்கு முகத்தில் சாக்குத் துணி சுற்றுவது உத்தமம். மண் தொட்டியானால் சூடு குறைவு. ஆனால் ஈரம் விரைவில் உலரும். எண்ணெய்த் தகரம் ஒன்றில் இரண்டு செடிக்கும், 12 அங்குல வாயுள்ள தொட்டியில் மூன்று செடிக்கும் மேல் நிறுத்தக் கூடாது. நெருக்கமும் ஒருவகைப் பட்டினியே. நன்றாய் முளைத்த நாற்றுக்களைக் கிள்ளி எறிய மனம் வாராது. எறிவதற்குப் பதில் ரசத்தில் போடலாம்.

மண்ணில் மக்கிய எருவும் சிறிது மணலும் கலந்தால் போதும். கூடுதல் உரம் போட்டால் செடி உயரும் என்று எண்ணி யூரியா தூவுவது தவறு. தண்டு நீண்டு மெலிந்து சாயும், வாஸனையும் குறையும். நிழலில் வைத்தாலும் அப்படியே. தினம் 6 மணி நேர வெயில் வேண்டும்.

விதைக்கும் காலத்தைப் பற்றி ஒரு விஷயம். அந்நிய தேசத்து விதைப் பொட்டலங்களில் ஏப்ரலில் விதைக்கும்படி அச்சிட்டிருக்கும். அது பனி உருகிய பின் விதைக்கும் குளிர்தேசத்தாருக்குரியது. தமிழ்நாட்டுச் சமவெளியில் அதைப் பின்பற்றினால் கத்திரி வெயிலில் செடி கருகும். பகற்பொழுது நீளும்போது பூப்பது இச்செடியின் சுபாவம். இங்கிலாந்தில் கோடையில் பகல் 16 மணி நேரத்துக்கு மேல் போவதால் அங்கே அதுவும் ஓர் இடையூறு. சென்னையில் ஆண்டின் மிக நீண்ட பகலும் 13 மணிக்குள் அடங்கும். இங்கே செடியை அவசரப்படுத்துவது பெரும்பாலும் உஷ்ணமும் வறட்சியுமே. ஆதலின் அடைமழை தணிந்த கார்த்திகைக் கடைசி முதல் தை வரை விதைப்பதே தகும். மூன்று வாரத்துக்கு ஒரு தகரமாக விதைத்து வந்தால் ஒன்று முடியும்போது மற்றொன்று கைகொடுக்கும்.

விதையைத் தொட்டியிலேயே கால் அங்குல ஆழத்தில் ஊன்ற வேண்டும். நாற்று விட்டுப் பிடுங்கி நடலாகாது; ஆணிவேர் அறுந்தால் அது மறுபடி சரியாகத் தேறுவதில்லை. 7 முதல் 14 நாட்களில் முளை காணும். முதல் இரண்டு இலைகள் புல்லைப்போல் ஒடுங்கியிருப்பதால் களையென்று பிடுங்கிவிடுவோர் உண்டு. மூன்றாவது இலையிலேதான் சதகுப்பைக்குரிய நுண்ணிய பிரிவுகள் தெரியும். முதல் மாதம் செடி வளராததுபோல் தோன்றும். அப்போது வேர் இறங்குகிறதென்று அறிந்து பொறுத்திருக்க வேண்டும். ஆறு ஏழு வாரங்களில் இலை பறிக்கலாம். வெளிச்சுற்று இலைகளாக, ஒரு தடவைக்கு மூன்றில் ஒரு பங்குக்கு மிகாமல் எடுக்க வேண்டும். அசுவினி கண்டால் நீரைப் பீச்சிக் கழுவினால் போதும். உண்ணும் கீரையில் விஷமருந்து தெளிக்கலாகாது.

குழந்தையுள்ள வீட்டார்க்கு ஓர் எச்சரிக்கை. வீட்டில் விளைந்ததென்று இவ்விதையைக் காய்ச்சிப் பச்சைக் குழந்தைக்குப் புகட்டக் கூடாது. ஆறு மாதம் நிறையும் வரை தாய்ப்பாலன்றித் தண்ணீரும் வேண்டுவதில்லை என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் போதனை. குழந்தை ஓயாமல் அழுதால் வைத்தியரிடம் காட்டுவதே முறை.

விதை வாங்கும் விஷயத்தில் சங்கம் உதவக் கூடும். மருந்துக் கடைச் சதகுப்பை சில வேளை முளைக்கும். ஆனால் அது நெட்டை ஜாதி, தொட்டிக்கு ஏற்றதன்று. குட்டை விதையைத் தனித்தனியே வாங்கினால் விலை கூடும்; ஒரு பொட்டலமோ பத்துத் தகரத்துக்கும் மிஞ்சும். பத்து வீட்டார் சேர்ந்து வாங்கிப் பங்கிட்டுக் கொள்வது எளிது. பங்கிடுமுன் 20 விதைகளை எண்ணி ஈரத் துணியில் முடிந்து நிழலில் வைத்து, இரண்டு வாரத்தில் எத்தனை முளைத்தன என்று பார்க்க வேண்டும். பாதிக்குக் குறைந்தால் விற்றவரைக் கேட்கலாம். இதற்கென்று எவரும் சங்கத்தில் கடன் மனுப் போட வேண்டியதில்லை. தொட்டிச் சதகுப்பை குழம்புக்கு மணம் தரும். குடும்பத்துக்குச் சம்பாத்தியம் தரும் பயிரன்று.

அடுத்த வருஷத்து விதையை வீட்டிலேயே எடுக்கலாம். ஆனால் இதன் பூவில் ஈயும் தேனீயும் மொய்த்து மகரந்தம் மாற்றுவதால், அருகே நெட்டை ஜாதி பூத்திருந்தால் குட்டையின் விதையும் கலப்பாகிவிடும். ஒரு தெருவார் ஒரே ஜாதியை வைப்பது இதற்காகவே நல்லது. பத்துச் செடியில் ஒன்று அவசரமாகப் பூத்தால் அதன் விதையை எடுக்காமல், எல்லாவற்றிலும் கடைசியாகப் பூத்த புதர்ச் செடியின் விதையை வைத்துக் கொள்ள வேண்டும். குடை பழுப்பு நிறமானதும் காம்போடு அறுத்து, காகிதப் பையில் தலைகீழாகக் கட்டித் தொங்கவிட்டால் விதை தானே உதிரும். நிழலில் உலர்த்தி, ஜாதியும் மாதமும் எழுதி, மூடியுள்ள டப்பாவில் வைத்தால் இரண்டு மூன்று வருஷம் முளைப்புத் திறன் கெடாது.