பொட்டலத்தில் வந்த விதை

ஊர் சென்று திரும்பும் நம்மவர் மூட்டையில், ஊறுகாய்ச் சாடிக்கு அருகே சிறியதொரு காகிதப் பொட்டலமும் இருப்பதுண்டு. அதனுள் நன்றாக உலர்த்திய கறிவேப்பிலை விதைகள். தில்லிக்கு வந்ததும் தொட்டியில் ஊன்றி, நாள்தோறும் நீர் வார்க்கிறோம். இரண்டு மாதமாகியும் ஒரு முளைகூடத் தலைகாட்டுவதில்லை. 'இவ்வூர்த் தண்ணீர் அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை' என்று முடிவு கட்டிவிடுகிறோம். குற்றம் தண்ணீருடையதன்று, பொட்டலத்தினுடையது.

நெல்லும் அவரையும் உலர்ந்தால் உறங்கும். ஓராண்டு கழித்து ஈரம் பட்டாலும் விழித்துக்கொள்ளும். கறிவேப்பிலை விதைக்கு அந்த உறக்கம் தெரியாது. ஈரம் வற்றினால் சில வாரங்களிலேயே முளைக்கும் ஆற்றலை இழந்துவிடும். மாங்கொட்டையும் பலாக்கொட்டையும் இவ்வினத்தவையே.

இத்தனை விரைவில் மடியும் விதையை வைத்துக்கொண்டு இச்செடி எங்ஙனம் பரவிற்று? பறவைகளை நம்பித்தான். கிளை நுனியில் கொத்தாக மலரும் சிறு வெண்பூக்களைத் தேனீக்களும் பிற பூச்சிகளும் நாடி வருகின்றன. அவற்றால் மகரந்தம் சேர்ந்த பூ காயாகி, சிவந்து, பின்னர்க் கருநீலமாய்ப் பழுக்கிறது. கொண்டைக்குருவியும் குயிலும் பழத்தை விழுங்கிச் சதையைச் செரித்துக்கொண்டு, விதையை வேறோரிடத்தில் எச்சத்தோடு விட்டுச் செல்கின்றன. வடபுலத்தில் பழம் முதிர்வது ஆடி ஆவணி மழையில். விழுந்த இடம் ஈரமாயிருக்க, விதைக்குக் காத்திருக்கும் வேலையே இல்லை.

வடபுலத்தில் ஏது கறிவேப்பிலை என்பீர்கள். டேராடூன் பக்கத்துச் சால் மரக்காடுகளில், நிழலில் புதர் புதராக அது தானே வளர்ந்து நிற்பதைக் கண்டு நாமும் வியந்தோம். கந்தேலா என்பது அங்கே அதன் பெயர். நாம் கொண்டுவந்து குடியேற்ற வேண்டிய செடியன்று அது. நமக்கு முன்பே இங்கிருப்பது. (அதன் அறிவியற்பெயரில் மட்டும் நம் கடற்கரையின் தொடர்பு உண்டு. 1768இல் தரங்கம்பாடிக்கு வந்த கோனிக் என்னும் மருத்துவரின் பெயரை அது தாங்கி நிற்கிறது.)

விதையின்றிப் பெருகவும் அச்செடி அறியும். மண்ணுக்குள் ஓடும் வேர் ஆங்காங்கே முளைவிட்டுப் பக்கக்கன்றுகளை எழுப்புகிறது. அக்கன்று தாயின் மறுபதிப்பே. தாயின் மணம் அதற்கும் உண்டு. விதைக்கன்றுக்கு அந்த உறுதி இல்லை. ஆதலின், அண்டை வீட்டில் மணமுள்ள செடி இருப்பின், மழை தொடங்கியதும் வேரோடும் மண்ணோடும் ஒரு பக்கக்கன்றைக் கேட்டுப் பெறுவதே நன்று. விதைதான் வேண்டுமெனில், கருத்த பழத்தைப் பறித்து, சதையைக் கழுவி, அன்றே ஊன்றுக.

மார்கழிக் குளிரில் இலைகள் பழுத்து உதிரும். செடி பட்டுப்போயிற்றென்று பிடுங்கி எறிந்தவர்களை அறிவோம். தொட்டியைச் சுவரோரம் நகர்த்தி, நீரைக் குறைத்துவிட்டுப் பொறுத்திருங்கள். பங்குனியில் தளிர்க்கும்.