ஐடி போனால் காப்பீடும் போகும்

மதிய நேரத்தில் சென்னையின் பிரியாணிக் கடை வாசல்களில் பார்சலுக்காகக் காத்து நிற்கும் டெலிவரித் தம்பிகளிடம் காப்பீடு பற்றிக் கேட்டால், பலரும் "கம்பெனி போட்டிருக்குண்ணே" என்பார்கள். உண்மைதான். ஆனால் அது அவர்களுடைய ஐடியோடு கட்டப்பட்டது. லாகினில் இருக்கும்போது மட்டும், இத்தனை ஆர்டர் முடித்தால் மட்டும் என்றெல்லாம் நிபந்தனைகள் இருக்கலாம். ஐடியை முடக்கினால் காப்பீடும் அன்றோடு சரி. அதனால்தான் சொந்தப் பேரில் ஒரு பாலிசி வேண்டும் என்கிறேன்.

முதலில் அரசு தருவதைப் பாருங்கள். குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டில் ஆண்டுக்கு 5 லட்சம் வரை சிகிச்சை கிடைக்கும். முழுநேரம் ஓடுபவர்கள் பெரும்பாலும் அந்த வரம்பைத் தாண்டிவிடுவார்கள். சாலை விபத்தென்றால் 'இன்னுயிர் காப்போம்' திட்டம் முதல் 48 மணி நேரச் சிகிச்சையைப் பார்த்துக்கொள்ளும்.

அதற்குப் பிறகு? கால் எலும்பு முறிந்தால் மூன்று மாதம் வண்டி எடுக்க முடியாது. மருத்துவக் காப்பீடு ஆஸ்பத்திரி பில்லைக் கட்டும். வீட்டு வாடகையையும் பைக் டியூவையும் கட்டாது. இதைப் பலரும் யோசிப்பதில்லை. வேலைக்குப் போக முடியாத வாரங்களுக்குப் பணம் தருவது தனிநபர் விபத்துக் காப்பீடுதான். 2021 முதல் கிடைக்கும் 'சரல் சுரக்ஷா பீமா' என்ற விபத்து பாலிசியில் இந்த வாராந்திரத் தொகையைத் தனியாகக் கேட்டுச் சேர்க்க வேண்டும். ஆண்டுக்கு 20 ரூபாயில் வரும் பிரதமர் விபத்துக் காப்பீட்டையும் போட்டுவையுங்கள்; ஆனால் அது மரணத்துக்கும் நிரந்தர ஊனத்துக்கும்தான்.

அடுத்து மருத்துவ பாலிசி. 'ஆரோக்ய சஞ்சீவனி' என்ற பாலிசியில் அறை வாடகை காப்பீட்டுத் தொகையில் 2 சதவீதம், அதிகபட்சம் நாளுக்கு 5,000 ரூபாய். 2 லட்சத்துக்கு எடுத்தவருக்கு 4,000. அவர் 8,000 ரூபாய் அறையில் படுத்தால் வாடகையில் மட்டுமல்ல, டாக்டர் ஃபீஸ், ஆபரேஷன் செலவு போன்றவற்றிலும் பாதிதான் வரும். டிஸ்சார்ஜ் அன்று பில்லைப் பார்த்து அதிராமலிருக்க, அட்மிஷன் போடும்போதே அறை வாடகையைக் கேளுங்கள். மீதியிலும் 5 சதவீதம் நம் கைக்காசு. நோய்க்கு முதல் 30 நாள் காத்திருக்க வேண்டும். விபத்துக்கு அது இல்லை. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் பாலிசிக்கு ஜிஎஸ்டியும் கிடையாது. மாதத் தவணையிலும் கட்டலாம், தவறினால் 15 நாள் அவகாசம் உண்டு.

விண்ணப்பத்தில் தொழில் என்ற இடத்தில் 'பிசினஸ்' என்று போடச் சொல்லும் ஏஜென்ட்டின் பேச்சைக் கேட்காதீர்கள். பைக்கில் உணவு டெலிவரி என்றே எழுதுங்கள். பிரீமியம் கொஞ்சம் கூடலாம். ஆனால் தொழிலை மறைத்தார் என்று சொல்லி நாளை கிளெய்மைத் தள்ள முடியாது.