பழைய வீடு வாங்கப் போகிறீர்களா?

சொந்த வீடு என்றதும் அத்திவாரம் வெட்டி, நாள் பார்த்துக் கல் வைத்து, புதிதாகக் கட்டிக் குடிபூருவதுதான் எம்மில் பலரின் நினைவுக்கு வருகின்றது. பழைய வீடு என்றால் முகத்தைச் சுளிக்கிறோம். ஆனால் தனித்து நின்று குடும்பத்தைத் தாங்கும் பெண்ணுக்குப் பழைய வீடே சில வேளைகளில் நல்ல தெரிவாக அமைகின்றது என்பதை எனது களப்பணியில் கண்டிருக்கிறேன்.

போருக்குப் பின்னரான இந்திய வீட்டுத்திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு 5 இலட்சத்து 50 ஆயிரம் ரூபா தவணை தவணையாகக் கிடைத்தது. கட்டுவது பயனாளியின் பொறுப்பு. மேசனைத் தேடவும், மண் ஏற்றவும், கூலி பேசவும் தனித்த பெண்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. காசு போதாமல் நகையை அடகு வைத்தவர்களும் கடன்பட்டவர்களும் பலர். 2022ஆம் ஆண்டு நெருக்கடியில் சீமெந்து, கம்பி விலைகள் ஏறியபோது இடையில் நின்றுபோன வீடுகளும் உண்டு. புதிய வீட்டின் செலவு கட்டி முடியும்வரை தெரியாது. பழைய வீட்டின் விலையோ முதலிலேயே தெரிந்துவிடும். கிணறு, காய்க்கின்ற தென்னை, பழகிய அயல் எல்லாம் கூடவே வரும்.

வலிகாமத்தில் எனக்குத் தெரிந்த அக்கா ஒருவரின் கணவர் 2009இல் காணாமற்போனவர். இரண்டு பெண் பிள்ளைகளுடன் வாடகைக்கு இருந்தார். சீதன நகையை விற்ற காசும் தையலில் சேர்த்ததும் கையில் இருந்தன. 2 பரப்புக் காணியோடு ஓட்டு வீடொன்று விலைக்கு வந்தது.

"தங்கச்சி, கூரை ஒழுகுது. வாங்கலாமோ?" என்று கேட்டார்.

"கூரையை மாத்தலாம் அக்கா. உறுதியிலை பிழை இருந்தாத்தான் கரைச்சல். முதல்ல அதைப் பாப்பம்" என்றேன்.

முதலில் உறுதி

சட்டத்தரணி மூலம் காணிப் பதிவகத்தில் தோம்பு பார்த்தோம். அது தாய் தகப்பனின் வீடு. பிள்ளைகள் நால்வருக்கும் பங்குண்டு. விற்க வந்தவர்கள் மூவர். நான்காமவர் வெளிநாட்டில். "அவர் ஒண்டும் சொல்லமாட்டார், அச்சவாரத்தைக் குடுங்கோ" என்று தரகர் நெருக்கினார். வேறு ஆட்களும் வீட்டைப் பார்த்துப் போயினர். அக்கா அசையவில்லை. எட்டு மாதங்கள் கழித்து நான்காமவரின் அற்றோர்னித் தத்துவம் வந்து சேர்ந்த பின்னரே உறுதி முடிக்கப்பட்டது. அன்று அவசரப்பட்டிருந்தால் முக்கால் பங்குக்கு முழுக் காசு கொடுத்திருப்பார்.

ஆகவே, பங்காளர் அனைவரும் ஒப்பமிடுகிறார்களா, ஈடு அல்லது ஒத்தி இருக்கின்றதா, பெற்றோருக்குச் சீவிய உரித்து இருக்கின்றதா என்று பாருங்கள். கிணற்றுப் பங்கும் வழி வாய்க்கால் உரிமையும் உறுதியில் எழுதப்பட்டிருக்க வேண்டும். தேசவழமைக்கு உட்பட்ட காணியில் பங்காளருக்கும் உரிமைக்காரருக்கும் முதலில் வாங்கும் உரிமை உண்டு. விற்பவர் அச்சட்டத்துக்கு உட்பட்ட மணமான பெண்ணாயின் கணவரின் எழுத்து மூலச் சம்மதம் தேவை; கணவர் இருக்குமிடம் தெரியாவிட்டால் மாவட்ட நீதிமன்றத்தின் அனுமதியைப் பெறலாம். வன்னிக் குடியேற்றங்களிலுள்ள அனுமதிப்பத்திரக் காணிகளைச் சாதாரண உறுதி எழுதி விற்க முடியாது. பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள்.

அடுத்தது வீடு

நம்பிக்கையான மேசனையும் தச்சரையும் கூட்டிச் செல்லுங்கள். தீராந்தி, சிலாகைகளில் கறையான் உள்ளதா, சுவரில் ஆல், அரசு வேரோடியுள்ளதா, ஷெல் விழுந்த வெடிப்பு அத்திவாரம் வரை செல்கின்றதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பழைய சுண்ணாம்புச் சாந்துச் சுவருக்கு மேல் சீமெந்து பூசினால் ஈரம் உள்ளே தங்கிப் பூச்சுக் கழன்றுவிடும். கிணற்று நீரைக் கோடையில் சுவைத்துப் பாருங்கள். மாரியில் நன்னீராக இருப்பது கோடையில் உவராகலாம். நெடுங்காலம் ஆளில்லாத வளவாயின், கண்ணிவெடி அகற்றப்பட்ட இடமா என்று கிராம அலுவலரிடம் கேளாமல் மண்ணை வெட்டவோ கிணற்றை இறைக்கவோ வேண்டாம். திருத்தச் செலவையும் கணக்கிட்டே விலை பேசுங்கள்.

உங்கள் பெயரில்

உறுதியை உங்கள் பெயரில் எழுதுவியுங்கள். "தம்பியின்ரை பேரிலை இருக்கட்டும்" என்று சொல்பவர்கள் இருப்பார்கள். தம்பி நல்லவராகவே இருக்கலாம், ஆனால் அவருக்கும் குடும்பம் உண்டு. சீதனக் காசில் வாங்குவதாயின் அதையும் உறுதியில் குறிப்பிடும்படி நொத்தாரிசுவிடம் கேளுங்கள். கட்டணம் கொடுக்க வசதியில்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகத்தில் ஆலோசனை பெறலாம்.

அந்த அக்கா இப்போது கூரையை மாற்றிவிட்டார். முன் விறாந்தையில் தையல் மெஷின் ஓடுகின்றது. மற்ற அறைகளை வருடத்துக்கு ஒன்றாகத் திருத்தி வருகிறார், கடன் இல்லாமல்.

சகோதரிகளே, வீடு பழையதாக இருப்பதில் குறைவில்லை. ஆனால் எல்லாம் பார்த்து முடியும்வரை அச்சவாரக் காசு உங்கள் கையிலேயே இருக்கட்டும்.