கொப்பி ஒன்னு குடுங்க (தொடர் – 9)

சென்ற வாரம் வங்கியிலிருந்து பேசுவதாகச் சொல்லி ரகசிய இலக்கம் கேட்கும் குரல்களைப் பார்த்தோம். இந்த வாரம் பார்க்கப்போகும் திருட்டுக்குத் தொலைபேசி அழைப்புக்கூடத் தேவையில்லை.

பசறை, லுணுகலை, ஹாலிஎல பக்கத் தோட்டங்களிலிருந்து பதுளை நகரத்துக்கு அலுவலாக வருகிறவர்கள் கையில் பெரும்பாலும் ஒரு பிளாஸ்டிக் உறை இருக்கும். உள்ளே பிறப்புச் சான்றிதழ், வங்கிப் புத்தகம், தேசிய அடையாள அட்டை, அதோடு அட்டையின் நாலைந்து போட்டோ கொப்பி. எந்த மேசைக்குப் போனாலும் "கொப்பி ஒன்னு குடுங்க" என்பார்கள் என்று தெரியும். சிலர் கேட்கும் முன்பே நீட்டிவிடுவார்கள்.

இதை அறியாமை என்று ஒதுக்கிவிட முடியாது. 1948-ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964-இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என்று பங்கு பிரித்தது. மீதி ஒன்றரை இலட்சம் பேரை என்ன செய்வது என்ற பேச்சு 1974 வரை இழுத்தது. 1972-இல் அடையாள அட்டை வரத் தொடங்கியபோது குடியுரிமை இல்லாதவருக்கு அதில் இடமில்லை. எஞ்சியவர்களுக்கு வழி திறந்தது 2003-ஆம் ஆண்டின் 35-ஆம் இலக்கச் சட்டம். "நீ யார், காட்டு" என்று காலமெல்லாம் கேட்கப்பட்ட சனங்களுக்கு, காட்ட ஓர் அட்டை இருப்பதே பெருமை. கொப்பி எதற்கு, எங்கே போகும் என்று திருப்பிக் கேட்பது அவர்களுக்குத் துடுக்குத்தனமாகப் படுகிறது.

ஆனால் கேட்கத்தான் வேண்டும். அந்த இலக்கம் வெறும் வரிசை எண் அல்ல. 1985 மார்ச் 5-இல் பிறந்த பெண் ஒருவரின் பழைய அட்டை 85565 என்று தொடங்கும். 85 பிறந்த ஆண்டு. பெப்ரவரிக்கு எப்போதும் 29 நாள் என்று வைத்து எண்ணினால் மார்ச் 5 அறுபத்தைந்தாம் நாள்; பெண் என்பதால் அதோடு 500 சேரும். 2016 முதல் வழங்கப்படும் பன்னிரண்டு இலக்க எண்ணில் ஆண்டு முழுதாக வருகிறது, நடுவில் ஒரு பூச்சியம் சேர்கிறது, கடைசி எழுத்து போகிறது, அவ்வளவுதான். பழைய எண்ணிலிருந்து புதியதைக் கணக்குப் போட்டே எழுதிவிடலாம். ஆக, எண் தெரிந்தவருக்குப் பிறந்த திகதியும் ஆணா பெண்ணா என்பதும் தெரியும். தொலைபேசியில் "உங்கள் பிறந்த திகதி சொல்லுங்கள்" என்று ஆளைச் சரிபார்க்கும் நிறுவனங்கள் இதை யோசித்துப் பார்த்தனவா என்பது வேறு விடயம்.

கொப்பியோடு முகவரியும் படமும் சேர்ந்துவிட்டால் அடுத்தவர் பெயரில் சிம் எடுக்க முயலலாம். தவணைக்குப் பொருள் வாங்க, கடன் பத்திரம் நிரப்பப் பார்க்கலாம். லயங்களில் குழுக்கடன் கொடுக்க வருகிறவர்கள் வாங்கிப்போகும் கொப்பிக் கட்டு, கடன் முடிந்த பிறகு எங்கே கிடக்கிறது என்று எந்தக் குழுத் தலைவியாவது கேட்டதுண்டா? இன்னொன்று, மனமறிந்தே நடப்பது: "அக்கா, ஒங்க ஐ.டி.ல எனக்கு ஒரு சிம் எடுத்துத் தாங்களேன்." அந்த சிம்மிலிருந்து மோசடி நடந்தால் பொலிஸ் முதலில் வந்து கதவைத் தட்டுவது அக்கா வீட்டில்தான்.

இந்தியாவிலும் இதே தலைவலி. 2022 மே 27-இல், அங்குள்ள அடையாள எண்ணான ஆதாரை வழங்கும் ஆணையத்தின் பெங்களூரு அலுவலகம், கண்ட இடத்தில் ஆதார் நகலைக் கொடுக்காதீர்கள், கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும் நகலைக் கொடுங்கள் என்று அறிவித்தது. இரண்டே நாளில், மக்கள் தவறாகப் புரிந்துகொள்வார்கள் என்று சொல்லி அரசு அதைத் திரும்பப் பெற்றது. சொன்ன யோசனை என்னவோ நல்ல யோசனைதான். இலங்கையில் 2022-ஆம் ஆண்டின் 9-ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. அதன் முக்கியப் பகுதிகள் 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவிருந்து தள்ளிப்போயின. எப்படியானாலும் முதல் துணை பேனாதான்.

கொப்பியின் குறுக்கே, படத்தையும் எழுத்தையும் தொட்டு, "இன்ன வங்கியில் கணக்குத் திறக்க மட்டும்" என்று திகதியோடு எழுதிக் கையெழுத்திட வேண்டும். அப்புறம் அந்தத் தாளை வேறு காரியத்துக்கு நீட்டுவது சுலபமல்ல. வட்ஸ்அப்பில் அட்டையின் படம் கேட்டால், நேரில் கொண்டுவருகிறேன் என்று சொல்லிவிடலாம். அட்டை தொலைந்தால் அன்றைக்கே பொலிஸில் முறைப்பாடு செய்து அதன் பிரதியைப் பத்திரப்படுத்த வேண்டும். புது அட்டைக்கு மட்டுமல்ல, அந்தத் திகதிக்குப் பிறகு நடந்தது தன் வேலையல்ல என்று காட்டவும் அது உதவும். அட்டை தொலைவது கவனக்குறைவால் மட்டுமல்ல. 2014 ஒக்டோபர் 29-இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்சரிவில் லயங்கள் மண்ணுக்குள் போனபோது, காணாமல்போனோர் எத்தனை பேர் என்பதே நாளுக்கொரு கணக்காக வந்தது. வீட்டோடு ஆவணங்களும் போகும் மலைச்சரிவில், அட்டை இலக்கத்தை உறவினர் ஒருவரிடம் எழுதிக் கொடுத்து வைப்பது நல்லது.

தன் பெயரில் யாரோ கடன் எடுத்திருப்பது பலருக்குத் தெரியவருவது, தன் தேவைக்கு வங்கியில் கடன் கேட்டு மறுக்கப்படும்போதுதான். அதற்கு முன்பே பார்க்க வழி உண்டு. 1990-ஆம் ஆண்டின் 18-ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த கொடுகடன் தகவல் பணியகம், வங்கிக்காரர் வாயில் 'கிரிப்', தனி ஒருவருக்கும் அவருடைய கடன் அறிக்கையைத் தருகிறது. அதில் அறியாத கடன் தென்பட்டால் என்ன செய்வது, யாருக்கு எழுதுவது என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)