கணக்குச் சொற்களின் தாயகம்

இராமநாதபுர மாவட்டத்தில், பரமக்குடி வட்டத்தில் அமைந்துள்ள ஊர் நயினார்கோவில். நாகநாதசுவாமி கோயிலால் பெயர்பெற்ற இவ்வூர், கண்மாய்ப் பாசனத்தை நம்பி வாழும் பகுதியைச் சேர்ந்தது. உழவரும் கொத்தனாரும் தச்சரும் வாழும் இத்தகைய ஊர்களிலிருந்து உயர்நிலைப் பள்ளிக்கு வரும் மாணவரைக் கணிதத்தின் ஆங்கிலச் சொற்கள் மருட்டுவதுண்டு. ‘பெர்ப்பெண்டிகுலர்’, ‘ரேடியஸ்’, ‘சைன்’ என்னும் சொற்களைப் பொருளறியாது மனப்பாடம் செய்கின்றனர்; தேர்வு முடிந்ததும் அவற்றை மறந்துவிடுகின்றனர். இக்கலை பிறர்க்கே உரியது என்னும் எண்ணமும் அவர்தம் உள்ளத்தில் வேரூன்றிவிடுகிறது. அவ்வெண்ணம் பிழையானது. அச்சொற்களின் பிறப்பை ஆராய்ந்தால், அவற்றுட் பல வயலிலும் பட்டறையிலும் பிறந்தவை என்பது புலனாகும்.

வடிவங்களின் இயல்பை ஆராயும் கணக்கை ஆங்கிலத்தில் ‘ஜியாமெட்ரி’ என்பர். இது கிரேக்கச் சொல். இதன் பொருள் நிலத்தை அளத்தல் என்பதே. ‘லைன்’ என்னும் சொல்லோ இலத்தீன் மொழியில் சணல் நூலைக் குறித்த சொல்லிலிருந்து வந்தது. சுவர் நேராக எழும்புவதற்குக் கொத்தனார் நூல் பிடிக்கும் காட்சியைக் காணாத மாணவர் இல்லை. அந்நூலே ஏட்டில் நேர்கோடு ஆயிற்று.

கொத்தனாரின் பையில் வேறு இரு கருவிகளும் உண்டு. ஒன்று தூக்குக்குண்டு. கயிற்றின் நுனியில் தொங்கும் அக்குண்டு, சுவர் சாயாமல் நிற்கிறதா என்பதைக் காட்டும். இக்கருவிக்கு இலத்தீன் மொழியில் வழங்கிய பெயரே ‘பெர்ப்பெண்டிகுலர்’ என்னும் சொல்லுக்கு மூலம். தமிழில் அதனைச் செங்குத்து என்கிறோம். மற்றொன்று மூலைமட்டம். சுவரின் மூலை செங்கோணமாக உள்ளதா என்று அறிய இது உதவும். இதற்கு உரோமானியர் இட்ட பெயர் ‘நார்மா’. உயர் கணிதத்தில் வளைகோட்டுக்குச் செங்கோணத்தில் வரையும் கோட்டை ‘நார்மல்’ என்பது இதனாலேயே. மாணவரின் கருவிப்பெட்டியில் கவராயத்தோடும் பாகைமானியோடும் இருக்கும் முக்கோணப் பலகைக்கும் தமிழில் மூலைமட்டம் என்றே பெயர்.

மாட்டுவண்டிகள் இன்று அருகிவிட்டன. எனினும் வண்டிச் சக்கரத்தின் குடத்திலிருந்து வட்டையை நோக்கிச் செல்லும் ஆரக்கால்களைப் பலரும் கண்டிருப்பர். ‘ரேடியஸ்’ என்னும் இலத்தீன் சொல்லுக்கு ஆரக்கால் என்பதும் ஒரு பொருள். தமிழ்ப் பாடநூல்கள் அதனை ஆரம் என்கின்றன. தொலைவில் வாழ்ந்த இரு மக்கள் ஒரே சக்கரத்தைக் கண்டு ஒரே கருத்தை அடைந்தமை வியப்புக்குரியது.

‘கால்குலஸ்’ என்பது உயர் கணிதத்தின் ஒரு பிரிவு. தமிழில் நுண்கணிதம் எனப்படும். அச்சொல்லின் பொருள் சிறுகல். உரோமானியர் பலகையில் கற்களை வைத்துக் கணக்கிட்டனர். பல்லாங்குழியில் சோழியையும் புளியங்கொட்டையையும் எண்ணும் சிறுவர்க்கு இது புதுமையன்று. ‘ஆல்ஜீப்ரா’ என்பது அரபுச் சொல். ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாதில் வாழ்ந்த அல்-குவாரிஸ்மி என்னும் அறிஞரின் நூற்பெயரிலிருந்து அது பரவியது. குறைந்ததை நிறைவாக்குதல் என்பது அதன் பொருள். எலும்பு முறிவைச் சரிசெய்பவரையும் ஸ்பெயின் நாட்டார் முன்னாளில் இச்சொல்லாலேயே அழைத்தனர்.

‘சைன்’ என்னும் சொல்லின் வரலாறு சுவையானது. ஆரியபடர் கி.பி. 499-இல் இயற்றிய நூலில், வட்டத்தின் ஒரு பகுதியை வில்லாகவும் அதன் இரு முனைகளை இணைக்கும் கோட்டை நாணாகவும் கருதினார். நாணைக் குறித்த ‘ஜ்யா’ என்னும் வடசொல்லை அராபியர் ‘ஜீபா’ என்று தம் மொழியில் ஏற்றனர். உயிர்க்குறிகள் இன்றி எழுதுவது அவர் வழக்கம். ஆதலின் பிற்காலத்தார் அதனை ‘ஜைப்’ என்று படித்தனர். அதற்கு ஆடையின் மடிப்பு என்பது பொருள். பன்னிரண்டாம் நூற்றாண்டில் அதனை இலத்தீனில் பெயர்த்தோர், மடிப்பைக் குறிக்கும் ‘சைனஸ்’ என்னும் சொல்லை இட்டனர். இவ்வாறு நாண் மறைந்து மடிப்பு நிலைத்தது. பொருளை விட்டு ஒலியை மட்டும் பற்றினால் நேரும் விளைவுக்கு இதுவே சான்று. தமிழ்ப் பாடநூலிலோ வட்டவில், நாண் என்னும் சொற்கள் பொருள் குன்றாது விளங்குகின்றன.

தமிழ்மக்கள் கணக்குச் சொற்களில் வறியர் அல்லர். காரிநாயனாரின் கணக்கதிகாரம் நிலம், பொன், நெல் முதலியவற்றின் கணக்கை விரித்துரைக்கின்றது. கால், அரை என்பவற்றோடு நில்லாமல், இருபதில் ஒன்றுக்கு மா என்றும், எண்பதில் ஒன்றுக்குக் காணி என்றும், முந்நூற்றிருபதில் ஒன்றுக்கு முந்திரி என்றும் முன்னோர் பெயரிட்டனர்.

புதிய கலைகளுக்குப் புதிய சொற்கள் வேண்டியிருந்தன. 1916-ஆம் ஆண்டில் இராஜாஜி முதலானோர் சேலத்தில் இதற்கெனச் சங்கம் ஒன்றைத் தோற்றுவித்தனர். 1936-இல் சென்னையில் கூடிய கலைச்சொல் மாநாட்டுக்கு ஈழத்து அறிஞர் விபுலானந்த அடிகள் தலைமை தாங்கினார். அம்முயற்சியின் பயனாய்க் கலைச்சொற்கள் என்னும் தொகுதி 1938-இல் வெளிவந்தது.

ஆங்கிலச் சொற்களை வெறுத்து ஒதுக்குதல் அறிவுடைமையன்று. உயர்கல்விக்கு அவை வேண்டும். ஆனால் ஒவ்வொரு சொல்லையும் கற்கும்பொழுது அது எத்தொழிலில் பிறந்தது என்று வினவுதல் நன்று. தூக்குக்குண்டைப் பிடித்தறிந்த மாணவனுக்குச் செங்குத்து என்பது வெற்றுச் சொல் ஆகாது. சொல்லின் பொருள் விளங்கியபின் கணக்கின் வழியும் எளிதில் விளங்கும்.